ஏழரை நாட்டுச் சிங்கங்கள்

சிங்கப்பூர் அரசாங்கம் ஒரு காரியத்துக்குத் தேதி குறித்துவிட்டால் அது நடந்தே தீரும். கடலில் மண்ணைக் கொட்டி நிலம் எடுக்கிறேன் என்றது, எடுத்தது. சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்து குடிக்கத் தருகிறேன் என்றது, தந்தது. நாமும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை. இப்படிப்பட்ட அரசாங்கம் பன்னிரண்டு வருஷம் முன்கூட்டியே நாள் குறித்து, காசை இறைத்து, கண்டம் கண்டமாக ஆள் தேடி, அத்தனையும் செய்த பிறகு கோட்டைவிட்ட காரியம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: 2010 உலகக் கிண்ணக் காற்பந்து. கேலாங் கோப்பிக்கடைகளில் இந்தப் பேச்சை எடுத்தால் ஐம்பதைத் தாண்டிய முகங்களில் ஒரு களை வரும். அதை வருத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். பரீட்சையில் எப்போதும் முதல் மார்க் வாங்கும் பக்கத்து வீட்டுப் பையன் ஒரே ஒரு தடவை பெயிலானதைக் கேட்ட திருப்தி அது.

கதையைக் கேலாங்கிலிருந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. தேசிய விளையாட்டரங்கம் காலாங்கில் இருந்தாலும் அதன் சத்தம் எங்களுக்குச் சொந்தம். 1973இல் திறந்த பழைய அரங்கம், 55,000 பேர் உட்காரலாம். மலேசியக் கிண்ண ஆட்டங்கள் நடந்த காலத்தில் கோல் விழுந்ததை வானொலி சொல்வதற்கு முன்னால் காற்று வந்து சொல்லிவிடும். வாசலில் கச்சான் பூத்தே விற்றவர்கள் நம் ஊர்க்காரர்கள். பழைய புத்தகத் தாளைக் கிழித்து ஒரே சுற்றில் கூம்பு செய்து, வறுத்த கடலையும் பட்டாணியும் முறுக்குத் துண்டும் போட்டு, வாயை மடித்து நீட்டுவார்கள். ஆட்டம் முடிந்ததும் படிக்கட்டில் கிடக்கும் கூம்புகளைப் பார்த்தே முடிவைச் சொல்லிவிடலாம் என்பது எங்கள் பக்கத்துச் சித்தாந்தம். சிங்கப்பூர் ஜெயித்த அன்று கூம்புகள் பாதி தின்னாமல் சிதறிக் கிடக்கும். தோற்ற அன்று ஒரு பட்டாணி மிச்சம் இருக்காது. செய்வதற்கு வேறு வேலை இருந்திருக்காது.

எங்களுக்கென்று ஒரு குழுவும் இருந்தது. கேலாங் இன்டர்நேஷனல். 1970களில் பிறந்து அப்போதே பட்டங்களைக் குவித்த குழு. பிறகு 1988 முதல் 1993 வரை தொடர்ச்சியாக ஆறு வருஷம் தேசிய லீக்கை வென்றது. ஆறு வருஷம்! எதிர்க்குழுக்காரர்களுக்குப் பரிசளிப்பு விழாவுக்கு வருவதா வேண்டாமா என்ற குழப்பம் வந்திருக்கும். 1996இல் எஸ்-லீக் என்ற தொழில்முறைப் போட்டி எட்டுக் குழுக்களுடன் தொடங்கியபோது பெயரை கேலாங் யுனைடெட் என்று மாற்றிக்கொண்டு, கையோடு குடித்தனத்தையும் மாற்றிக்கொண்டது. புது வீடு பிடோக் விளையாட்டரங்கம். பெயரில் கேலாங், முகவரியில் பிடோக். நம் ஆட்களில் பலர் ஊர்ப் பெயரை முன்னால் போட்டுக்கொண்டு வேறு ஊரில் வாழ்வதில்லையா, அந்த வகை. தஞ்சோங் பகார் குழு குவீன்ஸ்டவுனில் ஆடியது என்பதால் இதைத் தனிக் குற்றமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த முதல் எஸ்-லீக்கில் கேலாங்குக்கு ஈரானிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் முகம்மது காக்பூர், தற்காப்பு ஆட்டக்காரர். சுவருக்குக் கால் முளைத்த ஆள். இன்னொருவர் ஹமித் எஸ்திலி, நடுக்களம். வருஷக் கடைசியில் தேசிய அரங்கில் ஆயுதப்படைக் குழுவை 2-1 என்று வீழ்த்தி கேலாங் முதல் வெற்றியாளர் ஆனது. முப்பதாயிரம் பேர் அளவில் கூட்டம். பிற்காலத்தில் எஸ்-லீக் ஆட்டத்துக்கு வந்தவர்களைப் பெயர் சொல்லியே கூப்பிட்டுவிடலாம் என்ற நிலை வந்ததை நினைத்தால், அந்த முப்பதாயிரம் பேரும் எங்கே போனார்கள் என்று காவல்துறையில் புகார் கொடுக்கத் தோன்றுகிறது.

எஸ்திலி சும்மா வந்துபோன ஆள் இல்லை. 1998 ஜூன் 21, பிரான்சில் லியோன் நகரம், உலகக் கிண்ணத்தில் ஈரானும் அமெரிக்காவும். உலகமே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு பார்த்த ஆட்டம். 40வது நிமிடத்தில் தலையால் முட்டி முதல் கோலைப் போட்டவர் எங்கள் எஸ்திலி. ஈரான் 2-1 என்று ஜெயித்தது. காக்பூரும் அந்த அணியில் இருந்தார். டெஹ்ரானில் விடிய விடியக் கொண்டாட்டம். கேலாங்கிலோ, “இவன் பிடோக்கில் நம்ம கண்ணு முன்னாடி ஓடினவன்தானே, அண்ணே” என்று கோப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். ஆக, உலகக் கிண்ணத்துக்குப் போவது எப்படி என்று அரசாங்கம் யோசிக்கத் தொடங்கும் முன்பே கேலாங் போய் வந்துவிட்டது. என்ன, ஈரான் வழியாகப் போனது.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, 1998 ஆகஸ்ட் தேசிய தினப் பேரணி உரையில், பிரதமர் கோ சோக் டோங் விஷயத்துக்கு வந்தார். பிரான்ஸ் அப்போதுதான் உலகக் கிண்ணத்தை வென்றிருந்தது. அந்த அணியில் குடியேறிகளின் பிள்ளைகள் நிறைய. ஜிடான் குடும்பம் அல்ஜீரியாவிலிருந்து, டெசாய்யி பிறந்தது கானாவில். நாமும் குடியேறிகளின் நாடு, நாமும் திறமைசாலிகளை அழைத்துவந்து குடியுரிமை கொடுத்தால் 2010இல் உலகக் கிண்ணத்துக்குப் போகலாமே என்பது தர்க்கம். வாய்ப்பாட்டில் பிழை இல்லை. பிரான்சில் அதற்குச் சில தலைமுறை பிடித்தது, நமக்குப் பன்னிரண்டு வருஷம் என்பது மட்டும்தான் வித்தியாசம். வீட்டு வசதிக் கழக அடுக்குமாடிக்கு ஆகும் காலத்தோடு ஒப்பிட்டால் அதுவே தாராளம்.

உடனே ஒரு நல்ல சகுனமும் வந்தது. உரை முடிந்து சில நாட்களில் வியட்நாமில் தென்கிழக்காசிய நாடுகளுக்கான டைகர் கிண்ணப் போட்டி. ஆகஸ்ட் 31ஆம் தேதி ஹோ சி மின் நகரில் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் மோதின. மோதின என்பது தப்பு. இரண்டும் ஏற்கெனவே அரையிறுதிக்குத் தகுதி பெற்றுவிட்டன. ஜெயிப்பவர் ஹனோய்க்குப் போய் வியட்நாமை அதன் சொந்தக் கூட்டத்தின் முன்னால் சந்திக்க வேண்டும். தோற்பவருக்கு அதே ஊரில் இருந்துகொண்டே சிங்கப்பூரோடு ஆட்டம். சிங்கப்பூர் என்றதும் இரண்டு பேருக்கும் நாவில் எச்சில் ஊறிவிட்டது. இரண்டு நாடுகளும் போட்டிபோட்டுக்கொண்டு தோற்கப் பார்த்தன. ஆட்டம் 2-2 என்று முடியப்போகிற கடைசி நேரத்தில் இந்தோனேசியாவின் முர்ஷித் எஃபெண்டி பந்தைத் தன் கோலுக்குள்ளேயே தள்ளினார். கூத்து என்னவென்றால், அந்தக் கோலைத் தடுக்கத் தாய்லாந்து ஆட்டக்காரர்கள் ஓடிவந்தார்கள்! எதிரி கோல்கம்பத்தைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்து ஓடிய அணி காற்பந்து வரலாற்றில் அதிகம் இருக்காது. எஃபெண்டிக்கு அனைத்துலக ஆட்டங்களில் வாழ்நாள் தடை. இரண்டு நாடுகளுக்கும் ஃபிஃபா தலா 40,000 அமெரிக்க டாலர் அபராதம்.

இவ்வளவு பாடுபட்டு சிங்கப்பூரைச் சம்பாதித்துக்கொண்ட இந்தோனேசியாவை அரையிறுதியில் சிங்கப்பூர் 2-1 என்று வீட்டுக்கு அனுப்பியது. தாய்லாந்தை வியட்நாம் 3-0 என்று அனுப்பியது. செப்டம்பர் 5, ஹனோயில் இறுதி ஆட்டம். ஆர். சசிகுமார் மேல் பட்டு பந்து உள்ளே போனது. தலையில் இல்லை, காலில் இல்லை, தோளில். அவரே எதிர்பார்த்திருப்பாரா என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் இடையிலான விஷயம். சிங்கப்பூர் 1-0. தோள் கொடுத்தான் தோழன் என்று சிராங்கூன் சாலையில் நம் ஆட்கள் தோளைத் தட்டிக்கொண்டு திரிந்தார்கள். அந்தத் தோளை நம்பி அடுத்த பன்னிரண்டு வருஷத்தைத் திட்டமிட்டது காற்பந்துச் சங்கம்.

இனிமேல்தான் தோல்விக் காண்டம். ஏழரை நாட்டுச் சனி என்கிறோமே, அதற்கு இவ்வளவு துல்லியமான உதாரணம் ஜோசியர்களுக்கே கிடைத்திருக்காது. 2002 டிசம்பரில் தொடங்கி, 2010 ஜூனில் தென்னாப்பிரிக்காவில் உலகக் கிண்ணம் ஆரம்பித்த நாள் வரை எண்ணிப் பாருங்கள். அட்சரசுத்தமாக ஏழரை வருஷம்.

முதல் சுற்று மங்கு சனி. 2002 டைகர் கிண்ணப் பிரிவு ஆட்டங்கள் நம் ஊரிலேயே நடந்தன. பயிற்றுவிப்பாளர் டென்மார்க்கின் யான் போல்சன். திட்டப்படி குடியுரிமை பெற்ற முதல் ஆட்களில் ஒருவரான குரோவேஷியாவின் மிர்க்கோ கிராபோவாச்சும் வந்தாகிவிட்டது. டிசம்பர் 18, எதிரே மலேசியா. மலேசியாவிடம் தோற்பது என்பது சம்பந்தி வீட்டில் அவமானப்படுவது. வெளியே சொல்லவும் முடியாது, மறக்கவும் முடியாது. ஆட்டம் 0-4. பிறகு லாவோசை 2-1 என்று கஷ்டப்பட்டு வென்று, தாய்லாந்தோடு 1-1 எடுத்து, மூட்டையைக் கட்டினோம். சொந்த ஊர் என்பதால் கட்டின மூட்டையோடு எம்ஆர்டியில் வீட்டுக்கே போய்விட முடிந்தது. போல்சனுக்கு விமானச் சீட்டு.

அதே காலத்தில் எங்கள் கேலாங் நன்றாகத்தான் இருந்தது. 2001இல் இரண்டாவது தடவை எஸ்-லீக்கை வென்றது. முன்வரிசையில் அலெக்சாண்டர் டூரிச் என்ற ஆறடிக்கு மேற்பட்ட போஸ்னியாக்காரர். இவர் கதையைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் போஸ்னியாவுக்காகப் போனவர். எதில்? படகு ஓட்டுவதில். ஊரில் போர். ஹங்கேரியில் தஞ்சம் புகுந்திருந்த மனிதர், அங்கிருந்து கிளம்பி ஒலிம்பிக்குக்குப் போய்த் துடுப்புப் போட்டார். அப்புறம் ஆஸ்திரேலியா, அப்புறம் 1999இல் சிங்கப்பூர், தஞ்சோங் பகார் குழு, 2001இல் எங்கள் பச்சைச் சட்டை. பிடோக்கில் நான்கு பருவம் கோலாகப் போட்டுத் தள்ளினார். குடிப்பதில்லை, காலாகாலத்தில் தூங்கப் போவார் என்றெல்லாம் பேசிக்கொள்வார்கள். சிவப்பு விளக்கெரியும் இரட்டைப்படை எண் லோரோங்குகளுக்குப் பேர்போன எங்கள் பேட்டைக் குழுவில் இப்படி ஒரு துறவி எப்படி மாட்டினார் என்று எங்களுக்கே சந்தேகம். துறவியை 2005இல் ஆயுதப்படைக் குழு கொத்திக்கொண்டு போனது. கேலாங்கின் சனி அன்றிலிருந்து என்று சொல்வோரும் உண்டு. துறவி மறுபடி வருவார்.

2006 உலகக் கிண்ணத்துக்கான தகுதிச் சுற்று 2004இல் நடந்தது. இது ஒத்திகை என்று சொல்லிக்கொண்டார்கள். பிரிவில் ஜப்பான், ஓமான், சிங்கப்பூர், அத்தோடு இந்தியா. கேலாங் மாதிரி இடத்தில் இது எத்தகைய சங்கடம் என்று யோசியுங்கள். கட்டுமானத் தளத்திலிருந்து வந்து லோரோங் அறைகளில் தங்கியிருக்கும் தமிழ்நாட்டுத் தம்பிகள் ஒரு மேசை. இங்கேயே பிறந்து தேசிய சேவை முடித்த நம் பையன்கள் அடுத்த மேசை. தேநீர் ஆற்றுபவர் இரண்டு பக்கமும் பொதுவாகச் சிரித்துவைக்க வேண்டும். பிப்ரவரியில் கோவாவில் இந்தியா 1-0. தம்பிகள் மேசைக்குக் கூடுதலாக ஒரு தட்டு வடை போனது. மார்ச்சில் ஜப்பான் இங்கே வந்து, வேர்த்து விறுவிறுத்து, 2-1 என்று தப்பித்துப் போனது. இந்திரா சஹ்டான் கோல் போட்டுச் சமன் செய்த அந்தச் சில நிமிடங்களில் 2010 என்ன, 2006க்கே போய்விடுவோமோ என்ற பயம் வந்துவிட்டது.

பயம் தெளிவதற்கு ஜூன் 9 வந்தது. மஸ்கட்டில் ஓமான் 7, சிங்கப்பூர் 0. நம் பையன்கள் மேசையில் யாரும் நிமிரவில்லை. அடுத்த மேசையிலிருந்து கிண்டல் வரும் என்று காத்திருந்தால் அங்கேயும் மயான அமைதி. அதே நாளில் ஜப்பான் 7, இந்தியா 0! இரண்டு தாய்நாடுகளும் பேசிவைத்துக்கொண்டு ஒரே எண்ணிக்கையில் உதை வாங்கிய அற்புதம். இன நல்லிணக்கத்துக்கு அரசாங்கம் எத்தனையோ நிகழ்ச்சி நடத்துகிறது. அந்த இரவுக்கு ஈடாக ஒன்றைக்கூடச் சொல்ல முடியாது. அக்டோபரில் சிங்கப்பூர் இந்தியாவை 2-0 என்று திருப்பிக் கொடுத்தது. ஆனாலும் கடைசிக் கணக்கில் இந்தியாவுக்கு 4 புள்ளி, நமக்கு 3. பிரிவில் கடைசி. தனிநபர் வருமானத்தில் உலகத்தின் உச்சியில் இருக்கும் நாடு, இந்தியக் காற்பந்துக்குக் கீழே இடம்பிடித்தது. இந்தியக் காற்பந்துக்குக் கீழே ஒரு இடம் இருக்கிறது என்பதே பலருக்கு அப்போதுதான் தெரியும்.

அடுத்தது பொங்கு சனி. அவர் கொடுக்கவும் செய்வார், அதுதான் அவரிடம் உள்ள ஆபத்து. 2003இல் பொறுப்பேற்ற செர்பியர் ராடோய்க்கோ அவ்ராமோவிச், சிரித்த முகத்தைக் கண்டவர் யாருமில்லை, 2004 டைகர் கிண்ணத்தை வாங்கித் தந்தார். இந்தோனேசியாவை அவர்கள் ஊரில் 3-1, இங்கே 2-1. தென்கிழக்காசியக் கிண்ணம் 2007இலும் நமக்கே. அணியைப் பார்த்தால் ஐநா சபை: நைஜீரியாவில் பிறந்த அகு காஸ்மிர், சீனாவில் பிறந்த ஷி ஜியாயி, யூகோஸ்லாவியாவிலிருந்து முஸ்தாஃபிச், இங்கிலாந்தில் பிறந்த டேனியல் பென்னட். பிரான்ஸ் வாய்ப்பாடு வேலை செய்கிறது என்று எல்லாரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையோடு 2007 அக்டோபரில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் கால் வைத்தோம்.

முதல் எதிரி பாலஸ்தீனம். கத்தாரில் நடந்த முதல் ஆட்டம் 4-0. இரண்டாவது ஆட்டத்துக்கு அவர்கள் வரவே முடியவில்லை; காஸாவிலிருந்து வெளியேற ஆட்டக்காரர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. 3-0 என்று நமக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதில் கொண்டாட எதுவுமில்லை, கோப்பிக்கடையிலும் யாரும் கொண்டாடவில்லை.

நவம்பரில் தஜிகிஸ்தான். இங்கேதான் துறவி மறுபிரவேசம். குடியுரிமை வாங்கியிருந்த டூரிச், 37 வயதில், தேசிய அணிக்கு முதல் ஆட்டம் ஆடினார். 37 வயதில் மற்ற ஆட்டக்காரர்கள் வயிறு போட்டு, தொலைக்காட்சியில் விளக்கவுரை சொல்ல வந்துவிடுவார்கள். இவர் இரண்டு கோல் போட்டார். 2-0. “நம்ம கேலாங் ஆளு!” என்று கத்தினோம். அவர் போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பதை ஒருவரும் நினைவூட்டவில்லை. பதில் ஆட்டம் 1-1. மூன்றாவது சுற்று! அங்கே சவூதி அரேபியா, உஸ்பெகிஸ்தான், லெபனான். நான்கில் இரண்டு மேலே போகும்.

பிப்ரவரியில் சவூதியில் 0-2. சரி, அவர்கள் பழுத்த கைகள். மார்ச்சில் லெபனானை இங்கே 2-0. கோப்பிக்கடைக் கணக்கர்கள் காகிதத்தை எடுத்தார்கள். உஸ்பெகிஸ்தானை உள்ளூரில் அமுக்கிவிட்டு, அங்கே போய் ஒரு சமநிலை எடுத்தால் தீர்ந்தது. பேனா வேகமாக ஓடியது. ஜோகன்னஸ்பர்க்கில் குளிராக இருக்குமா என்றுகூட ஒருவர் விசாரித்தார்.

2008 ஜூன் 2. டுரியான் பருவம். சாலையோரம் கடைக்காரர்கள் பழத்தை முனையில் கீறிப் பிளந்து, வாடிக்கையாளர் மூக்கின் கீழே நீட்டி, “பார், பார்” என்று காட்டிக்கொண்டிருந்த மாலை. பெட்டியில் உஸ்பெகிஸ்தான். நாம் மூன்று கோல் போட்டோம். திரும்பச் சொல்கிறேன், உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில், சொந்த மண்ணில், நாம் மூன்று கோல் போட்டோம். மூன்று கோல் போட்டும் நாலு கோல் வித்தியாசத்தில் தோற்க ஒரு தனித் திறமை வேண்டும். 3-7. டுரியான் வாங்க வந்தவர்கள் பெட்டியை எட்டிப் பார்த்து, எண்ணைப் பார்த்து, தொலைக்காட்சி பழுதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஓமான் கொடுத்தது ஏழு, உஸ்பெகிஸ்தான் கொடுத்தது ஏழு. ஏழரைக்கு இன்னும் அரை பாக்கி இருக்கிறதே என்று விஷயம் தெரிந்தவர்கள் கவலைப்பட்டார்கள். அந்த அரையும் வந்தது, ஃபிஃபாவின் கடிதத்தில். ஜூன் 7 அன்று தாஷ்கென்ட்டில் பதில் ஆட்டம். மானத்தோடு ஆடி 0-1 என்று மட்டும்தான் தோற்றோம். ஆனால் அணியில் இருந்த, சீனாவில் பிறந்த சியூ லி ஆடத் தகுதியில்லாதவர் என்று ஆகிவிட்டது. குடியுரிமை அட்டை மட்டும் போதாது. ஐந்து வருஷம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்பது விதி. 0-1ஐ 0-3 என்று திருத்தி எழுதிவிட்டார்கள். உஸ்பெகிஸ்தான் இரண்டு ஆட்டத்தில் நமக்குப் போட்டது பத்து கோல். அதில் இரண்டு யார் காலும் படாதவை.

எனக்கு ஏழு கோல்கூடச் செரித்துவிட்டது. இந்தக் காகிதக் கோல்தான் இன்றுவரை நெஞ்சில் நிற்கிறது. வேறு எதில் தோற்றாலும் தோற்கலாம். படிவம் நிரப்புவதில் சிங்கப்பூர் தோற்கலாமா? வீட்டில் பூனை வளர்ப்பதற்கும் உரிமம் கேட்கும் நாடு இது. முதலாளி ஒருவர் தொழிலாளியின் வேலை அனுமதியில் ஒரு தேதியைப் பிசகாகப் போட்டால் மனிதவள அமைச்சிடமிருந்து என்ன வரும் என்பது கேலாங்கில் எந்தக் கட்டுமானத் தம்பியைக் கேட்டாலும் தெரியும். அவர்களில் ஒருவரைச் சங்கத்து அலுவலகத்தில் உட்கார வைத்திருந்தால் சியூ லி விமானமே ஏறியிருக்க மாட்டார்.

மிச்சத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். ஜூன் 14 சவூதியிடம் இங்கேயே 0-2. கடைசியாக லெபனானில் 2-1 என்று ஒரு வெற்றி, சாவு வீட்டில் வெற்றிலை பாக்கு. 6 புள்ளி, மூன்றாம் இடம், மூட்டை. கேலாங் ஈஸ்ட்டில் ஸ்ரீ சிவன் கோயில் இருக்கிறது. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு சனிக்கிழமை யாராவது எள் விளக்கு ஏற்ற வந்திருக்கலாம். ஆலோசகர்களுக்குக் கொடுத்ததை ஒப்பிட்டால் செலவும் குறைவு.

ஆனால் 2010 தென்னாப்பிரிக்காவுக்கு சிங்கப்பூர் போகவே இல்லை என்று சொன்னால் அது சரித்திரப் பிழை. போட்டிக்கு முன்னால் அங்கே நடந்த சில நட்புமுறை ஆட்டங்களுக்கு நடுவர்களை ஏற்பாடு செய்து கொடுத்தது ஃபுட்பால் ஃபார் யூ என்ற நிறுவனம். அது ஆட்டங்களை விலைபேசும் சிங்கப்பூர்க் கும்பலின் முகமூடி என்று ஃபிஃபாவின் விசாரணை அறிக்கையே பின்னால் சொன்னது. அந்தக் கும்பலோடு சேர்த்துப் பேசப்பட்ட பெயர் வில்சன் ராஜ் பெருமாள். ஆம், நம்மவர். தென்னாப்பிரிக்கா குவாத்தமாலாவை 5-0 என்று வென்ற ஆட்டத்தில் கைபட்டது, கைபட்டது என்று பெனால்டிகளாக வாரி வழங்கிய நைஜர் நாட்டு நடுவர் இப்ராஹிம் சாய்பூவுக்கு 2019இல் ஃபிஃபா வாழ்நாள் தடை விதித்தது. அதே 2010 செப்டம்பரில் பஹ்ரைனுக்கு ஆட வந்த டோகோ தேசிய அணி, டோகோ தேசிய அணியே இல்லை என்று டோகோ சொன்னது! ஆட்டம் 3-0. தொண்ணூறு நிமிடம் ஓடவே அவர்களுக்குத் தெம்பில்லை என்று பஹ்ரைன் பயிற்றுவிப்பாளர் குறைப்பட்டுக்கொண்டார். அதுவும் பெருமாள் வகையறாவின் கைவண்ணம்தான் என்று பிற்பாடு தெரிந்தது. பெருமாள் 2011இல் ஃபின்லாந்தில் பிடிபட்டு இரண்டு வருஷத் தண்டனை பெற்றார்.

இதையெல்லாம் நான் மெச்சிக்கொள்ளவில்லை. ஆனாலும் ஒரு நியாயம் கேட்கிறேன். ஒரு பக்கம் அமைச்சர்களும் சங்கமும் பன்னிரண்டு வருஷம் முக்கி முனகி ஓர் அசல் அணியைத் தேற்ற முடியவில்லை. இன்னொரு பக்கம் ஒரு தனிமனிதர் ஒரு தேசிய அணியையே இல்லாத இடத்திலிருந்து உண்டாக்கி, சட்டை மாட்டி, விமானம் ஏற்றி, தேசிய கீதம் பாட வைத்துவிட்டார். திறமைசாலிகளை வெளிநாட்டில் தேடாதீர்கள், உள்ளூரைப் பாருங்கள் என்று அப்போதே சிலர் சொன்னார்கள். இவரைச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

கேலாங் குழுவுக்கு வருவோம். 2009இல் பாங்காக் கிளாஸ் குழுவை 1-0 என்று வீழ்த்தி சிங்கப்பூர்க் கிண்ணத்தை வாங்கியது. நாடு 2010க்குப் போக முடியாத துக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்ன ஆறுதல். அதற்கப்புறம் சரிவு. 2013இல் ராசி பார்த்து பழைய பெயரான கேலாங் இன்டர்நேஷனலுக்கே திரும்பினார்கள், ராசி திரும்பவில்லை. பிறகு பிடோக்கையும் விட்டுவிட்டு தெம்பனிஸில், தெம்பனிஸ் ரோவர்ஸ் குழுவோடு ஒரே அரங்கில் ஒண்டுக்குடித்தனம். கேலாங்கிலிருந்து வருஷத்துக்கு வருஷம் கிழக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள்; இன்னும் கொஞ்சம் தோற்றால் சாங்கி விமான நிலையம் வந்துவிடும்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் லீக்கில் கடைசியாக வந்தாலும் கீழ்ப்பிரிவுக்கு இறக்க மாட்டார்கள். இறக்குவதற்குக் கீழே தொழில்முறைப் பிரிவே கிடையாது. கடைசி வருகிறவர் அடுத்த வருஷம் அதே நாற்காலியில் உட்காரலாம். தொடக்கப்பள்ளியிலேயே பிள்ளைகளைத் தேர்வெழுத வைக்கும் இந்த ஊரில் பெயில் ஆனவர்களை இத்தனை பரிவோடு நடத்தும் ஒரே இடம் காற்பந்து மைதானம். அதனால்தானோ என்னவோ நாங்கள் இன்னும் போய்க்கொண்டிருக்கிறோம்.

2021இல் அடுத்த திட்டம் வந்துவிட்டது. சிங்கத்தின் கர்ஜனையை அவிழ்த்துவிடுவோம் என்ற பொருளில் ஒரு பெயர், பளபளப்பான விளம்பரம், புதிய இலக்கு: 2034 உலகக் கிண்ணம். இந்தத் தடவை பதின்மூன்று வருஷம் அவகாசம். போன தடவையைவிட ஒரு வருஷம் கூடுதல். பிழை எங்கே இருந்தது என்று ஆராய்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள் போலிருக்கிறது. 2034 போட்டி நடக்கப்போவது சவூதி அரேபியாவில். நம்மை இங்கே இரண்டு, அங்கே இரண்டு என்று அளந்து அனுப்பிய அதே சவூதி.

இதற்கிடையில் 2025 நவம்பரில் ஒரு விபரீதம். ஹாங்காங்கில் போய் 2-1 என்று ஜெயித்து, சிங்கப்பூர் 2027 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றுவிட்டது. 1984இல் போட்டியை நடத்துகிற நாடு என்பதால் சும்மா கிடைத்த இடத்தை விட்டுவிட்டால், சொந்தக் காலில் நின்று போவது இதுதான் முதல் தடவை. தோல்வியைப் பேசியே காலத்தை ஓட்டிய எங்கள் மேசையில் அன்று என்ன பேசுவதென்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் மட்டும் ஆசியக் கிண்ணம் எங்கே என்று கேட்டார். அதுவும் சவூதியில்தான். அவருக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. “இது ஆடப் போறதில்லை, தம்பி” என்றார். “2034க்கு இப்பவே போய் மேசை மேல டிஷ்யூ பாக்கெட் வச்சு இடம் பிடிச்சிட்டு வரப் போறாங்க.”